எந்த சாஃப்ட்வேர்ணே நல்லது?



"அண்ணே, டிஜே மியூசிக் பண்ண எந்த சாஃப்ட்வேர்ணே நல்லது?"

இந்த வருடம் மட்டும் என்னிடம் இதைக் கேட்ட ஜூனியர்கள் ஒரு டஜனுக்குக் குறையாது. பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே கேட்டவர் உண்டு. லேபில் சி.ஆர்.ஓ. முன்னால் நின்று, சார் காதில் விழாமல் கேட்டவர் உண்டு. வைவாவுக்கு வரிசையில் நிற்கும்போது கை நடுங்க நடுங்கக் கேட்ட ஒரு தம்பியும் உண்டு! ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆகவே ஆண்டு மலரில் மொத்தமாக எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

டிஜே மியூசிக் என்று நாம் பொதுவாகச் சொல்வது எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக். அதாவது, ஆடுவதற்கென்றே மின்னணுக் கருவியிலும் கம்ப்யூட்டரிலும் செய்கிற இசை. அதற்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்ற கேள்விக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது இரண்டாவது கேள்வி. "எனக்கு என்ன தேவை?" என்பதுதான் முதல் கேள்வி. முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதற்குப் போனவன் கதி என்னவாகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். நானே இருக்கிறேன்.

ஒரு வருடம் போன கதை

பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிதில் என்னிடம் இருந்தது அக்காவின் லேப்டாப். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவளுக்குப் பள்ளியில் கொடுத்தது. 4 ஜி.பி. ராம். மூடியின் கீல் ஒரு பக்கம் உடைந்து, புத்தகத்தை முட்டுக்கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். அதில் நான் ஏற்றாத சாஃப்ட்வேர் இல்லை. இன்று ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று. எல்லாம் கிராக் போட்டதுதான். விலை கொடுத்து வாங்க யாரிடம் காசு இருக்கிறது?

ஒவ்வொன்றையும் திறப்பேன். பளபளவென்று பொத்தான்கள் தெரியும். நான்கு அடி டிரம் போடுவேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாது. உடனே "இந்த சாஃப்ட்வேர் சரியில்லடா, அதுதான் சூப்பராம்" என்று அடுத்ததற்குத் தாவுவேன். 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்' என்று எங்கள் அப்பாயி சொல்லும். அது எனக்காகவே பிறந்த பழமொழி!

கடைசியில் ஒரு நாள் கிராக் ஃபைலோடு வைரஸும் வந்தது. நான் செய்த நான்கு அடி டிரம் போனால் போகட்டும். அக்கா வேலைக்காக ஸ்கேன் செய்து வைத்திருந்த சான்றிதழ்கள், அவளுடைய கல்லூரி புராஜெக்ட், குடும்பத்தில் ஒரே ஒரு காதுகுத்து விழாவுக்கு எடுத்த படங்கள் எல்லாம் சேர்ந்து போயின. அக்கா திட்டவில்லை. "சரி விடு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எட்டு மாதம் அலைந்ததில் நான் முடித்த பாட்டு எத்தனை என்று கேட்பீர்கள். ஒன்றுகூட இல்லை.

கருவி முதலா, தேவை முதலா?

நம் மண்ணிலிருந்தே ஒரு உதாரணம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்துக்கு முன்பு வரை நாதஸ்வரம் என்றால் பெரும்பாலும் 'திமிரி'. நீளம் குறைவு, சுருதி உச்சம். ராஜரத்தினம் பிள்ளை தேடியது ராகத்தை நின்று நிதானமாக விரித்து வாசிக்க ஏற்ற, இறங்கிய சுருதி. அதற்கு நீளமான 'பாரி' நாதஸ்வரம் தேவைப்பட்டது. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் ஆச்சா மரத்தைக் கடைந்து அதைச் செய்து கொடுத்தார்கள். அதே நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது எது? அவர் கருவியை மாற்றினார். ஆனால் எப்போது? கையில் இருந்த கருவியில் வாசித்து வாசித்து, அதில் எது முடியவில்லை என்று தெரிந்த பிறகு! கடைத்தெருவில் "எது சூப்பர் நாதஸ்வரம்?" என்று கேட்டுக்கொண்டு அவர் திரியவில்லை.

எலக்ட்ரானிக் இசைக்கும் இதே கதைதான். பம்பாயில் திரைப்பட இசைக்குழுக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்தவர் சரண்ஜித் சிங். 1982-ல் அவர் ரோலண்டு கம்பெனியின் மூன்று ஜப்பான் கருவிகளை இணைத்தார். ஜூப்பிட்டர்-8 என்ற சிந்தசைசர், டி.ஆர்-808 என்ற டிரம் மெஷின், டி.பி-303 என்ற பேஸ் மெஷின். டிஸ்கோ தாளத்தின் மேல் பத்து ராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு செய்தார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபதிப்பாக வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. எழுபது வயதுக்கு மேல் வெளிநாட்டு மேடைகளில் ஏறி வாசித்துவிட்டு, 2015-ல் மறைந்தார்.

ஏன் திரும்பிப் பார்த்தார்கள்? அதே டி.பி-303 மெஷினைக் கிதார்காரர்களுக்குப் பேஸ் துணையாக இருக்கட்டும் என்றுதான் ரோலண்டு செய்தது. விற்பனை படுத்துவிட்டது. 1984-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்த அந்த மெஷினை அமெரிக்காவின் சிகாகோ நகரத்து இளைஞர்கள் வாங்கி, குமிழ்களைக் கண்டபடி திருகி ஒரு புது ஒலியைப் பிடித்தார்கள். 1987-ல் ஃபியூச்சர் என்ற குழு வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' அப்படி வந்ததுதான். 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகையே அங்கிருந்து கிளம்பியது. அதற்கு ஐந்து வருடம் முன்பே, அதே மெஷினில், கிட்டத்தட்ட அதே ஒலியை ஒரு இந்தியர் ராகத்துக்காகப் பிடித்து வைத்திருந்தார் என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம்.

கம்பெனிக்காரனே கைவிட்ட மெஷின் நண்பர்களே அது! சரண்ஜித் சிங்குக்கு ராகம் தேவை. சிகாகோ இளைஞர்களுக்கு ஆட்டம் தேவை. ஒரே கருவி இரண்டு தேவைக்கும் வளைந்து கொடுத்தது.

சரி, சாஃப்ட்வேரைப் பற்றியும் சொல்லு!

சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, என் மெஷினில் ஓடுமா? இரண்டு, திருடாமல் கிடைக்குமா? மூன்று, பக்கத்தில் சொல்லித்தர ஆள் உண்டா?

எல்.எம்.எம்.எஸ். என்று ஒன்று இருக்கிறது. முழுக்க இலவசம். விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். பழைய லேப்டாப்பும் தாங்கும். டிரம் கட்டங்கள், பியானோ ரோல், சில சிந்தசைசர்கள் எல்லாம் உள்ளேயே உண்டு. குரல் பதிவுக்கு அது தோதுப்படாது. அதற்கு ஆடாசிட்டி என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரில் பதிந்து, வெட்டி எடுத்து இதில் போட்டுக்கொள்ளலாம். நான் உருப்படியாகக் கற்றது இதில்தான்.

எஃப்.எல். ஸ்டுடியோ பெல்ஜியம் நாட்டுக் கம்பெனியுடையது. 1990-களின் கடைசியில் 'ஃப்ரூட்டி லூப்ஸ்' என்ற பெயரில் பிறந்தது. நம் பசங்களில் அதிகம் பேர் பெயர் சொல்வது இதைத்தான். ஒரு தடவை வாங்கினால் பின்னால் வரும் புதுப் பதிப்புகள் இலவசம். வாங்காமல் டிரையல் பதிப்பிலும் பாட்டு செய்து ஆடியோவாக வெளியே எடுக்கலாம். ஆனால் சேமித்து வைத்த புராஜெக்ட்டைத் திரும்பத் திறக்க முடியாது. ஒரே அமர்வில் ஒரு சின்னப் பாட்டை முடித்தே தீருவது என்று உட்காருகிறவனுக்கு அதுவும் நல்ல பயிற்சிதான்!

ரீப்பர் மிகச் சிறிய டவுன்லோடு. 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்க விடுகிறார்கள். குரல், மேளம் என்று நேரடிப் பதிவு செய்ய அருமை. உள்ளே டிரம் ஒலிகள் ஒன்றும் இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். ஏபிள்டன் லைவ் ஜெர்மனியின் பெர்லினில் 2001-ல் வந்தது. மேடையில் உட்கார்ந்து அங்கேயே மாற்றி மாற்றி வாசிக்கிறவர்களுக்கு என்றே செய்தது. முழுப் பதிப்பு நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் சின்ன மிடி கீபோர்டு வாங்கினால் பலவற்றோடு அதன் லைட் பதிப்பு சேர்ந்து வருகிறது. லாஜிக், காரேஜ்பேண்டு இரண்டும் ஆப்பிள் வைத்திருப்பவருக்கு மட்டும். லேப்டாப்பே இல்லையா? போனில் பேண்ட்லேப் இலவசமாகக் கிடைக்கிறது. போதும், தொடங்கலாம்.

மூன்றாவது கேள்வியை யாரும் யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். உங்கள் பக்கத்து பெஞ்சு நண்பன் எதை வைத்திருக்கிறானோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். அவன் சிக்கிய இடத்தில் நீங்கள் கைகொடுக்கலாம், நீங்கள் சிக்கிய இடத்தில் அவன் கைகொடுப்பான். பிறகு ஒரு வருடம் வேறு சாஃப்ட்வேர் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். மாதம் ஒரு பாட்டு. இரண்டு நிமிடம் போதும், கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் முடித்தே ஆக வேண்டும். தொடக்கம் யாருக்கும் வரும். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது, எப்படி நிறுத்துவது என்பது முடித்துப் பார்த்தவனுக்குத்தான் பிடிபடும்.

பாதியை லேபில் படித்தாகிவிட்டது

நாம் டிப்ளமோ படிக்கிறோம் என்று தாழ்வாக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிந்தசைசர் என்பது நம் லேபில் இருக்கிற சாமான்கள்தான். ஃபங்ஷன் ஜெனரேட்டரில் சதுர அலை எடுத்தோமே, அதுதான் ஆசிலேட்டர். ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் போட்டு லோ பாஸ் ஃபில்டர் கட்டினோமே, 10 கிலோ ஓம், 0.01 மைக்ரோ ஃபாரட், கட்-ஆஃப் சுமார் 1,590 ஹெர்ட்ஸ் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்கினோமே, அந்த ஃபில்டரின் கட்-ஆஃபை ஓடும்போதே மேலும் கீழும் நகர்த்தினால் 'வாவ் வாவ்' என்று கேட்கிறதே, அதுதான் டான்ஸ் பாட்டில் எல்லோரும் கைதூக்கி ஆடுகிற இடம்! டி.பி-303 மெஷினில் சிகாகோ பையன்கள் திருகியதும் அந்தக் குமிழைத்தான்.

இன்னொரு கணக்கு. நிமிடத்துக்கு 120 அடி வேகம் என்றால் ஒரு அடிக்கு அரை நொடி. அதை நான்காக வெட்டினால் ஒரு கட்டத்துக்கு 125 மில்லி செகண்ட். அக்காவின் லேப்டாப் திக்காமல் ஓட வேண்டும் என்றால் பஃபரை 2,048 சாம்பிள் வைக்க வேண்டியிருந்தது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் அது 46 மில்லி செகண்ட் தாமதம். கட்டையைத் தட்டிய பிறகு, ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நேரம் கழித்துத்தான் ஒலி வரும். "நமக்குத் தாளமே வராது போலிருக்கே" என்று நான் அழாத குறை. குற்றம் என் கையில் இல்லை, பஃபரில்! 512 சாம்பிளுக்குக் குறைத்தால் 11.6 மில்லி செகண்ட். வாசிக்கும்போது குறைத்து வைப்பது, பாட்டைக் கோக்கும்போது ஏற்றி வைப்பது என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். இதற்குப் புது லேப்டாப் தேவைப்படவில்லை. ஒரு வகுத்தல் கணக்குதான் தேவைப்பட்டது.

மீதிப் பாதி லேபில் இல்லை. ஊரில் இருக்கிறது. டிரம் சீக்வென்சரில் 16 கட்டங்கள் வருமே, அது என்ன? தகதிமி என்று நான்கு தடவை சொன்னால் 16. இரண்டு வரிசை ஓடினால் 32, சதுஸ்ர நடையில் ஒரு ஆதி தாள ஆவர்த்தனம். எட்டுக் கட்டத்தில் 'தகிட தகிட தக' என்று மூன்று, மூன்று, இரண்டாகப் பிரித்து அடியுங்கள். உலகம் முழுக்க டான்ஸ் பாட்டுகளில் இடுப்பை ஆட்டி வைக்கும் அடி அதுதான். தவிலின் தொப்பியில் குச்சி விழுவது கனத்த ஒலி, வலந்தலையில் விரல்கூடு விழுவது வெடிக்கும் ஒலி. கிக்கும் ஸ்நேரும் வேறென்ன? நாச்சியார்கோவிலும் நீடாமங்கலமும் வலங்கைமானும் தவிலால் பேர் வாங்கிய ஊர்கள். அந்த ஊர் வழியாகத் தினமும் பஸ்ஸில் வருகிற நாம், தாளம் கற்க யூடியூப்பில் வெள்ளைக்காரனைத் தேடுகிறோம். அவனிடமும் கற்கலாம், தப்பில்லை. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியும் பார்க்க வேண்டாமா?

தப்பு அண்ணன் கேட்ட கேள்வி

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். இதற்காகத்தான் இக்கட்டுரையையே எழுதினேன் என்றாலும் மிகையாகாது.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். முதல் வருடம் முடிகிற சமயம் வைகாசித் திருவிழா. வழக்கமாகத் தப்பாட்டம் வாசிக்கிற அண்ணன், திருவிழாவுக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். தோல் இறுக இறுக ஒலி மேலே ஏறும். அண்ணன் விரலால் தட்டித் தட்டிக் காதில் வைத்துப் பார்ப்பார். போனை நீட்டி, "பதிஞ்சுக்கவாண்ணே?" என்றேன். "அதுக்கென்ன தம்பி, எடுத்துக்க" என்றார். அந்த அடியை வெட்டி எல்.எம்.எம்.எஸ்.ஸில் போட்டு, கீழே ஒரு பேஸ் சேர்த்து மூன்று நிமிடப் பாட்டு ஒன்று செய்தேன். நான் முடித்த முதல் பாட்டு!

ஊர் இளைஞர்கள் கேட்டுவிட்டுக் குதித்தார்கள். "டேய், இதையே ராத்திரி மைக் செட்டுல போட்ருவோம்டா" என்றார்கள். போட்டோம். கூட்டம் ஆடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கையில் 1,500 ரூபாய் வேறு கொடுத்தார்கள்.

மறுநாள் வாய்க்கால் மதகடியில் அண்ணனைப் பார்த்தேன்.

"தம்பி, நேத்து செட்டுல போட்டியே, அது என் அடிதானே?"

"ஆமாண்ணே. எப்படிண்ணே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ராத்திரிக்கு எங்க செட்டு ஆறு பேரு வர்றதா இருந்துச்சுப்பா. லேப்டாப்பே போதும்னு வேணாம்னுட்டாங்க."

எனக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. பையில் இருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். "காசு கெடக்கட்டும். அடுத்த வருஷம் ரெண்டையும் சேத்து வை. உன் பொட்டியும் இருக்கட்டும், எங்க தப்பும் இருக்கட்டும்" என்றார்.

அண்ணன் அடித்த அடியையே எடுத்து, அண்ணனின் ஆறு பேர் கூலியை நான் நிறுத்தியிருக்கிறேன். சாஃப்ட்வேர் இலவசம்தான். ஆனால் அந்த ஒலியின் பின்னால் இருக்கிற கை இலவசமா? சற்றே சிந்தித்துப் பாருங்கள் நண்பர்களே!

அடுத்த வைகாசி

அண்ணன் சொன்னபடி அடுத்த வருடம் இரண்டையும் சேர்த்து வைப்பது என்று ஊரில் பேசி முடித்தோம். திருவிழாவுக்கு முன்னால் ஒத்திகை. என் பாட்டு நிமிடத்துக்கு 120 அடி. அண்ணன் செட்டும் 120-ல்தான் தொடங்கியது. இரண்டு நிமிடம் போனதும் அவர்கள் வேகம் ஏறிவிட்டது. என் லேப்டாப் பாட்டுக்கு 120-லேயே நிற்கிறது. ஒரே கந்தரகோலம்.

"அண்ணே, வேகத்தை ஏத்தாதீங்கண்ணே. மெஷின் ஒரே வேகத்துலதான் ஓடும்" என்றேன்.

அண்ணன் சிரித்தார். "நானா தம்பி ஏத்துறேன்? ஆடுறவன் காலு ஏத்துது. அவன் காலைப் பாத்துதானே நாங்க அடிக்கிறோம். நீ என்னத்தப் பாத்து அடிக்கிற?"

நான் திரையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றுதான் எனக்கு என்ன தேவை என்பது தெரிந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, நான் விரலால் தட்டத் தட்ட அந்த வேகத்துக்கு மாறுகிற சாஃப்ட்வேர் தேவை. அதற்கு 'டாப் டெம்போ' என்று பெயர் இருப்பதே அப்போதுதான் தெரியும். நண்பன் ஒருவன் வாங்கிய சின்ன மிடி கீபோர்டோடு ஏபிள்டன் லைவ் லைட் வந்திருந்தது. அதில் அந்த வசதி இருந்தது. அவனிடம் கேட்டு அவன் லேப்டாப்பையே எடுத்து வந்தோம். அவன் ஒலிகளைப் பார்த்துக்கொள்ள, நான் ஒரு பொத்தானில் விரலை வைத்து ஆடுகிறவர்கள் காலையே பார்த்துக்கொண்டு தட்டினேன். முதல் பத்து நிமிடம் சொதப்பல். பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். பாக்ஸிலிருந்து பேஸ் கீழே உருள, மேலே ஆறு தப்பு வெடித்தது. ஊர் ஆடிய ஆட்டத்தில் பந்தல் கீற்று உதிர்ந்தது! அவர்கள் ஆறு பேருக்கும் பேசிய கூலி குறையாமல் கிடைத்தது என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம்.

எட்டு மாதம் கிராக் தேடி அலைந்தபோது இதே ஏபிள்டனையும் ஏற்றியிருந்தேன். "நல்லால்லடா" என்று அழித்திருந்தேன்! என்ன தேவை என்று தெரியாதவன் கையில் எந்தக் கருவியும் நன்றாக இருக்காது.

மோட்டார் மேளம்

எங்கள் சிவன் கோயிலில் இப்போது மாலை பூஜைக்கு மோட்டார் மேளம்தான். சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றும், கம்பிகள் எழும்பி முரசையும் மணியையும் அடிக்கும். மெக்கானிக்கல் தோழர்கள் ஒரு தடவை பாருங்கள், எளிமையான அமைப்பு. நம் ஊரின் முதல் டிரம் மெஷின் என்று வேடிக்கையாகச் சொல்வேன். முன்பு அங்கே தவில் வாசித்த தாத்தா எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கேட்டேன்.

"தாத்தா, இந்த மெஷின் தாளத்துல என்ன கொறை?"

"கொறை ஒண்ணுமில்ல தம்பி. சரியாத்தான் அடிக்குது. சாமி வெளிய வர்றது அதுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

சுவாமி புறப்படும்போது மல்லாரி, வீதி திரும்பும்போது ஒரு நடை, கூட்டம் தளரும்போது ஒரு தீர்மானம் என்று எதிரில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து வாசித்தவர் அவர். மெஷினுக்குக் கண் இல்லை. கண் நாம்தான். நாம் திரையையே பார்த்துக்கொண்டு நான்கு அடியை மூன்று நிமிடத்துக்கு நகலெடுத்து ஒட்டினால், லட்ச ரூபாய் சாஃப்ட்வேரில் செய்தாலும் அது மோட்டார் மேளம்தான்.

"அப்போ கம்ப்யூட்டர் இசையே வேண்டாம் என்கிறாயா?" என்று சிலர் கேட்கலாம். அப்படிச் சொன்னால் நான் பொய்யன். 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கம்ப்யூட்டரை இசைக்குக் கொண்டுவந்துவிட்டார். 1992-ல் 'ரோஜா' வந்த பிறகு சிந்தசைசர் இல்லாத தமிழ்ப் பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கருவி வரும், வந்தே தீரும். வருகிற கருவி யார் கூலியை எடுக்கிறது, யாரைச் சேர்த்துக்கொள்கிறது என்பது அதை வாசிக்கிறவன் கையில் இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

"இதெல்லாம் சோறு போடுமாடா?" என்று அப்பா கேட்கிறார். நியாயமான கேள்வி. குறுவைக்கு மேட்டூர் தண்ணீர் எப்போது வரும் என்று வானத்தையும் செய்தித்தாளையும் பார்த்துக்கொண்டிருக்கிறவர் கேட்காமல் யார் கேட்பது? போடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆகவே அரியர் வைத்துவிட்டு இசை செய்யாதீர்கள் என்றுதான் ஜூனியர்களுக்குச் சொல்வேன். ஆனால் மைக் செட்டு, ரெக்கார்டிங், வீடியோவுக்கு ஒலி சேர்ப்பது என்று கைத்தொழில் பக்கமாக இது திறக்கிற கதவுகள் உண்டு. கதவு திறக்காவிட்டாலும் ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கத் தெரிந்தவன் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பிழைத்துக்கொள்வான்.

பேரவைக்கு மூன்று கோரிக்கைகள்

இந்த மலரை வெளியிடும் நம் மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள் வைத்து முடிக்கிறேன்.

முதலாவது, கம்ப்யூட்டர் லேபில் ஒரே ஒரு மெஷினில் எல்.எம்.எம்.எஸ்.ஸும் ஆடாசிட்டியும் ஏற்றி, மாலை வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் எங்களுக்கு ஒதுக்கக் கேட்டு வாங்கித் தர வேண்டும். இரண்டுமே இலவசம் என்பதால் அதற்கு ஒரு பைசா செலவில்லை. லேப்டாப் இல்லாத தோழர்களுக்கும் தோழியருக்கும் அதுதான் வழி. கிராக்கைத் தேடி வைரஸை வாங்கும் வேலையும் மிச்சம்.

இரண்டாவது, அடுத்த கல்லூரி நாள் விழாவுக்கு டிஜே ஏற்பாடு செய்யும்போது அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரு தவில்காரரையோ தப்பாட்டச் செட்டையோ அழைக்க வேண்டும். சும்மா அல்ல, பேசிய கூலியோடு. மேடையில் அரை மணி, அதற்கு முன்னால் எங்களோடு உட்கார்ந்து ஒரு மணி.

மூன்றாவது, விழாவில் போடும் மாணவர் பாட்டில் யாருடைய குரலையோ அடியையோ எடுத்திருந்தால், அவர் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும். அவருக்கு உரியதைக் கொடுக்கவும் வேண்டும். இதை ஒரு விதியாகவே எழுதி வையுங்கள். நான் செய்த தப்பை அடுத்தவன் செய்ய வேண்டாம்.

ஜூனியர் தம்பி, தங்கைகளே! இனி என்னைப் பார்த்து "எந்த சாஃப்ட்வேர்ணே நல்லது?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பேன்: "யார் ஆடப்போறாங்க? அவங்க காலைப் பாத்தியா?" அதற்குப் பதிலோடு வாருங்கள். சாஃப்ட்வேரை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம். என் லேப்டாப் மூடிக்கு முட்டுக்கொடுக்க மட்டும் ஒரு புத்தகம் கொண்டு வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன்